புதிய ஏடும் பழைய இருப்பும்

கணக்குப் பொய் சொல்லாது என்பர் பெரியோர். இளமை முதலே நாம் அதனை நம்பி வந்தோம்; இன்றும் நம்புகின்றோம். ஆயினும், கணக்கை எழுதும் ஏடு மாறும்போது, எவரும் அறியாமலே விடையும் மாறிவிடக் கூடும் என்பதை 2024-ஆம் ஆண்டில் பட்டறிந்தோம். பிழை நம்முடையது. அதை மறைத்து வைப்பதினும் சொல்லிவிடுவதே முறை எனத் தோன்றியதால் இதனை எழுதுகின்றோம்.

நம் பாட்டனார் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆண்டு முடிந்து புதுக்கணக்குத் தொடங்கும்போது அக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கப்பிள்ளை பழைய பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பெயரிலும் நிற்கும் பற்றையும் வரவையும் உரக்கப் படிப்பார். பாட்டனார் புதிய பேரேட்டின் மீது விரலை ஓட்டியவாறே, 'ஆம்', 'ஆம்' என்று சொல்லி வருவார். ஈற்றில் இரண்டு ஏடுகளின் இருப்பும் ஒன்றாகி நின்றால்தான் பழைய ஏடு பரணுக்குப் போகும். ஓராண்டு ஒரு ரூபாய் இடித்தது. அந்த ஒரு ரூபாயைத் தேடி இரவு நெடுநேரம் கடையில் விளக்கெரிந்தது. பசியோடு காத்திருந்த சிறுவராகிய நாம், 'ஒரு ரூபாய்தானே' என்று முணுமுணுத்தோம். அவர் சினக்கவில்லை. "ஏடு புதிதாகலாம் தம்பி, இருப்புப் புதிதாகக் கூடாது" என்றார். அன்று அச்சொல் நமக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு நரை தோன்றும் வயது வரவேண்டியிருந்தது.

நமக்கு வாய்த்த தொழில் கணினிக்கு நிரல் எழுதுவது. நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் வர்க்கமூலம் காணவும் சராசரி காணவும் தாமே புதிதாய் வழி வகுத்துக் கொண்டிருப்பதில்லை. முன்னுள்ளோர் எழுதிச் சரிபார்த்து வைத்த கணக்கு முறைகளின் தொகுதியை எடுத்து ஆள்வர். அத்தொகுதிக்கு நூலகம் என்று பெயர். 'லைப்ரரி' என்றே பலரும் வழங்குவர். அவற்றுள்ளும் திறந்த மூல நூலகம் என்பது ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. எவரும் அதன் மூலத்தைப் படிக்கலாம், விலையின்றி எடுத்தாளலாம், குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அத்திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் அதனைப் பேணுவோர் பொறுப்பு. பேணுவோரிற் பலர், பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, எஞ்சிய பொழுதில் இதனைச் செய்பவர்கள்.

பைதான் என்னும் கணினி மொழியைக் கீடோ வான் ராசம் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எண்களின் பெருவரிசைகளைக் கையாளும் ஆற்றலை அம்மொழிக்கு ஊட்ட, ஜிம் ஹியூகுனின் என்பார் 1995-இல் 'நியூமெரிக்' என்ற நூலகத்தைப் படைத்தார். பின்னர், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வுப் பணியைக் கவனிக்கும் நிலையத்தார் 'நம்அரே' என்று மற்றொன்றை ஆக்கினர். இரண்டு நூலகங்கள் இருக்கவே, பயன்படுத்துவோரும் இரண்டு கூறாயினர். டிராவிஸ் ஆலிஃபண்ட் 2005-இல் இரண்டையும் ஒன்றாக்கும் பணியில் இறங்கினார். அவ்வாறு பிறந்ததே 'நம்பை' நூலகம். அதன் 1.0 பதிப்பு 2006-இல் வந்தது. 2019-ஆம் ஆண்டில் உலகம் வியந்து நோக்கிய கருந்துளையின் முதற் படத்தை உருவாக்கிய கணக்குகளிலும் இந்நூலகத்திற்குப் பங்கு உண்டு. கல்லூரி மாணவர் முதல் வானநூலார் வரை, இன்று பைதானில் பெருங்கணக்குச் செய்வோர் பெரும்பாலும் இதன்மீது நின்றே செய்கின்றனர்.

1.0 பதிப்புக்குப் பின் சற்றேறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 16-ஆம் நாள் 2.0 பதிப்பு வெளியாயிற்று. நிரல் உலகில் முதல் எண் மாறுகிறதென்றால், 'பழைய வழக்கங்கள் சிலவற்றைக் கைவிடுகிறோம். உங்கள் நிரல்களைத் திருத்திக்கொள்ளுங்கள்' என்று அறிவிப்பதாகப் பொருள்.

நம்பை நூலகத்தின் மேல் நாமும் ஒரு சிறு நூலகம் எழுதிப் பொதுவில் வைத்திருந்தோம். வெப்பம், மழை, நீர்மட்டம் போன்றவற்றின் நெடுந்தொடர் அளவீடுகளைக் கூட்டிச் சராசரி காண்பது அதன் பணி. கடல்மீது ஓடம் விட்டாற்போல, உலகம் ஆளும் நூலகத்தின்மேல் நமது சிறு பணி மிதந்து கொண்டிருந்தது. அதனை யார் யார் எடுத்தாள்கின்றனர் என்பதும் நமக்குத் தெரியாது. 2.0 வந்ததும், நமது நூலகத்தையும் அதற்கேற்பப் புதுப்பிக்க அமர்ந்தோம். இரண்டு வாரத்து மாலைப் பொழுதுகள் அதிற் கழிந்தன.

முதல் நாளே கூச்சல். பழைய பெயர்கள் பலவற்றை நூலகத்தார் நீக்கியிருந்தனர். முடிவிலி என்னும் ஒரே பொருளைக் குறிக்க ஐந்து பெயர்கள் வழங்கி வந்தன. நான்கை எடுத்துவிட்டு ஒன்றை நிறுத்தியிருந்தனர். பெருக்குத்தொகை காணும் செயலுக்கு இருந்த இரண்டு பெயர்களுள் நெடியது போய்க் குறுகியது நின்றது. நாமோ நீக்கப்பட்ட பெயர்களையே தேடித் தேடி ஆண்டிருந்தோம். ஓட்டிய இடத்திலெல்லாம் நிரல் நின்றது. எனினும் அக்கூச்சலில் ஓர் அருள் இருந்தது. 'இப்பெயர் நீக்கப்பட்டது, அதற்குப் பதில் இதனை எழுதுக' என்று அதுவே வழியும் சொல்லிற்று. 1.x பதிப்பைக் கொண்டு தொகுத்த துணைநிரல்களை 2.0-இல் ஏற்றினாலோ, 'இது பழைய பதிப்பில் தொகுத்தது; மீண்டும் தொகுத்துக் கொள்க' என்று தடுத்தது. விழுந்த இடம் தெரிந்தால் எழுவது எளிது. ஒவ்வொன்றாகத் திருத்தினோம். நமது சோதனைகள் யாவும் தேறின. மனநிறைவுடன் புதுப் பதிப்பை வெளியிட்டோம். 'நம்பை 2.0-க்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரியும் எழுதி வைத்தோம்.

மூன்று மாதம் கழிந்தது. நாம் அறியாத ஓர் ஆய்வு மாணவியிடமிருந்து மடல் வந்தது. அது மன்னிப்போடு தொடங்கிற்று. 'ஐயா, பிழை என்னுடையதாகவே இருக்கும்; பொறுத்தருள வேண்டும்' என்பதே முதல் வரி. மீன் வளர்க்கும் தொட்டி ஒன்றின் நீர் வெப்பத்தை நொடிக்கு ஒருமுறையாக 20 நாள் பதிந்திருக்கின்றார். மொத்தம் 17,28,000 அளவீடுகள். முன்பு நமது நூலகத்தால் கணக்கிட்டபோது சராசரி 28.3 பாகை என வந்தது. கணினியை மாற்றியபின் அதே கோப்பை மீண்டும் கணக்கிட, 28.1 என வருகின்றது. வெப்பமானியில் பழுதோ என்று ஐயுற்று, பனிக்கட்டி நீரில் இருமுறை சோதித்திருக்கின்றார். கோப்பைப் படியெடுக்கையில் தவறு நேர்ந்ததோ என்று இரண்டு இரவு வரிவரியாய் ஒத்துப் பார்த்திருக்கின்றார். ஆய்வேட்டின் அட்டவணையை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. தம் கருவியை ஐயுற்றார். தம் கண்ணை ஐயுற்றார். தம் கையை ஐயுற்றார். நமது நூலகத்தை மட்டும் அவர் ஐயுறவே இல்லை. அந்த நம்பிக்கைதான் நம்மைச் சுட்டது.

அம்மாணவி அனுப்பிய கோப்பைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டினோம். பழையது 28.3 என்றது, புதியது 28.1 என்றது. எச்சரிக்கை இல்லை, நின்றுபோதல் இல்லை, கூச்சல் இல்லை. இரண்டும் ஒரே முகத்தோடு இரண்டு விடை கூறின.

காரணத்தைத் தேடியபோது, கூட்டுத்தொகையைத் தொடங்கும் வரியில் வந்து நின்றோம். தொடக்கத்தில் தொகை சுழியம் அல்லவா? அந்தச் சுழியத்தை 32 இருமக் கட்டங்களில் அடங்கும் குறுகிய எண்ணாக நாம் எழுதி வைத்திருந்தோம். இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்ற இளமைக்காலச் சிக்கனம் அது. பேரேட்டில் தொகை எழுதும் பத்தியை ஏழு இலக்க அகலத்திற்குக் கோடிட்டது போன்ற செயல். தொகை சிறிதாயிருக்கும்வரை காசு வரை எழுதலாம். தொகை பெருகப் பெருகக் காசுக்கு இடம் இராது. பின்னர் ரூபாய்க்கும் இடம் இராது. இருமக் கணக்கில் இதன் எல்லை துல்லியமானது. அத்தகைய குறுகிய எண் 1,67,77,216 என்ற இடத்தை எட்டியதும், அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீண்டும் 1,67,77,216 என்றே நிற்கும். ஆயிரம் முறை ஒன்று கூட்டினாலும் அசையாது.

அப்படியானால் இத்தனை ஆண்டு சரியான விடை வந்தது எவ்வாறு? பழைய நம்பையின் வழக்கம் அது. குறுகிய தனி எண் ஒன்றோடு பைதானின் சாதாரணப் பதின்ம எண்ணைக் கூட்டினால், விடையை அது தானே 64 கட்டத்திற்கு அகலப்படுத்திவிடும். நமது நிரலில் முதல் அளவீட்டைச் சேர்த்த உடனேயே தொகை அகன்று, பின்னர் எத்தனை இலட்சம் அளவீடு வந்தாலும் தாங்கியது. 2.0-இல் அவ்விதி மாறிற்று. குறுகிய எண்ணை எழுதினவர் குறுகியதையே வேண்டினார் எனக் கொண்டு, விடையையும் குறுகியதாகவே தருகின்றது. இதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய விதி, எண் தனியாக வந்ததா வரிசையாக வந்ததா, அதன் மதிப்பு எவ்வளவு என்றெல்லாம் பார்த்து இடத்திற்கு இடம் வெவ்வேறாய் நடந்துகொண்டது. என்ன வகை விடை வரும் என முன்கூட்டி உரைப்பதே அரிதாயிருந்தது. புதிய விதி நேரானது. ஆனால் நேரான விதி, நேரற்று எழுதியவனை அப்படியே காட்டிக் கொடுக்கும். எட்டுக் கட்ட எண் ஒன்றில் 200 இருக்க, அதனோடு 100 கூட்டினால் பழைய நூலகம் 300 என்றது; புதியது 44 என்கின்றது. எட்டுக் கட்டத்தில் 255-க்கு மேல் அடங்காது. மிகுந்தது சுற்றிக்கொண்டு தொடக்கத்திற்கே வந்துவிடும். அங்கேனும் ஓர் எச்சரிக்கை தோன்றும். நமது தொகையில் நேர்ந்த தேய்மானத்திற்கு அதுவும் இல்லை.

மாணவியின் கோப்பில் நேர்ந்ததைக் கேளுங்கள். தொகை 3,35,54,432-ஐக் கடந்தபின், அந்தக் குறுகிய பத்தி நான்கின் மடங்குகளை மட்டுமே எழுத வல்லது. 28.3 சேர்த்தாலும் 28 ஏறும், 27.6 சேர்த்தாலும் 28 ஏறும், 29.4 சேர்த்தாலும் 28-தான். தொட்டியில் நீர் சுட்டாலும் குளிர்ந்தாலும் நமது ஏடு ஒன்றையே எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் விழித்திருந்து பதிந்த நாள்களில் ஏறத்தாழ ஆறு நாள் அளவீடுகள் அவ்வாறு பொருளற்றுப் போயின. பழைய நூலகம் நமது பிழையை ஓசையின்றிப் பொறுத்துக் கொண்டிருந்தது. புதிய நூலகம் நமது சொல்லை அப்படியே நிறைவேற்றிற்று. பொறுத்ததையும் நாம் அறியவில்லை, நிறைவேற்றியதையும் அறியவில்லை.

நமது சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை? அவற்றில் பத்து எண்கள், இருபது எண்கள் மட்டுமே இருந்தன. அவ்வளவுக்குக் குறுகிய பத்தியே போதும். இன்னும் வெட்கத்திற்குரியது ஒன்று உண்டு. இவ்விதி மாற்றம் இரகசியமாய் நடந்ததன்று. 2021-ஆம் ஆண்டிலேயே முன்மொழிவாக எழுதிப் பலர் அறிய வாதித்தனர். மாறும் இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை முறை ஒன்றையும் நூலகத்தில் வைத்திருந்தனர். 2.0-க்கு மாறும் முறையை விளக்கிய ஏட்டில் இம்மாற்றத்தைத் தனியே எடுத்துரைத்தனர். நாம் அந்த ஏட்டில் பெயர்ப் பட்டியலை மட்டும் படித்தோம். எச்சரிக்கை முறையை ஒருநாளும் இயக்கிப் பார்க்கவில்லை. கூச்சலிட்ட பிழைகளைத் திருத்தியதோடு வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டோம்.

அந்நாள்களில் பாக்தாதின் பேரறிஞர் அல்-குவாரிஸ்மியின் நினைவு அடிக்கடி வந்தது. கணினி உலகம் நாள்தோறும் சொல்லும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரின் திரிபே என்பதைப் பலர் அறிவர். அவர் ஒன்பதாம் நூற்றாண்டில் ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் இருப்பிடம் காணும் கணித அட்டவணை நூலொன்று இயற்றினார். அதனை 'ஸீஜ்' என்பர். எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒரு கணித நூலகமே. கணிப்போர் தாமே முதலிலிருந்து தொடங்காமல் எடுத்தாளும் பொருட்டு ஆக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த மஸ்லமா அல்-மஜ்ரீத்தி அதனைப் புதுப்பித்தார். பாரசீக நாட்காட்டியில் அமைந்திருந்த கணக்கை ஹிஜ்ரி ஆண்டுக்கு மாற்றினார். குர்துபா நகரத்தின் நெடுங்கோட்டிற்கு ஏற்பவும் அமைத்தார். பின்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அடெலார்டு என்பார் அந்தப் புதுப்பித்த வடிவத்தை இலத்தீனில் பெயர்த்தார். அல்-குவாரிஸ்மியின் அரபு மூலம் மறைந்துவிட்டது. மஸ்லமா திருத்திய வடிவமே, அதுவும் இலத்தீன் வாயிலாக, நமக்கு எஞ்சியிருக்கின்றது. எந்தக் கணக்கு முதல்வருடையது, எது திருத்தியவருடையது என்று பிரித்தறிய, இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் அட்டவணை அட்டவணையாக உழைக்க நேர்ந்தது.

புதுப்பிப்பவன் கையில் இருப்பது எத்தகைய அமானிதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவன் எழுதியதே நாளை மூலமாகிவிடலாம். அவன் வழியாகவன்றி முன்னவரிடம் செல்லப் பின்னவருக்குப் பாதை இல்லாமற் போகலாம்.

மஸ்லமாவுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி, நிரலின் எந்த வரியை யார், என்று, எதற்காக மாற்றினார் என்பதைக் குறித்து வைக்கின்றது. அதனைப் புரட்டிப் பார்த்தோம். குற்றவாளியான வரியில், எழுதிய நாள் முதல் எவர் கையும் படவில்லை. தொட்ட வரிகளையெல்லாம் பன்முறை பார்த்த நாம், தொடாத வரியை ஒருமுறையும் பார்க்கவில்லை. வீடு அப்படியே நிற்க, அடியில் நிலம் நகர்ந்திருந்தது.

திருத்தம் இரண்டே இலக்கம்தான்: 32 என்றிருந்ததை 64 என்று ஆக்கினோம். அதற்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. அதனை எவ்வாறு அறிவிப்பது என்பதற்கே ஓரிரவு ஆயிற்று. 'சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன' என்று எழுதிவிட்டால் எவருக்கும் தெரியாது. அவ்வாறு எழுதியும் விட்டோம். எழுதியதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். வேறு எங்கோ, மடல் எழுதத் துணியாத இன்னொருவர், 28.1 என்ற எண்ணைத் தம் ஏட்டில் உண்மையென எழுதிக்கொண்டிருக்கக் கூடும். அவர் கருவியில் பழுதில்லை என்பதை அவருக்குச் சொல்ல வேறு எவர் இருக்கின்றார்? அந்த வரியை அடித்தோம். 'முந்தைய பதிப்பை நம்பை 2.0-உடன் ஆண்டவர்களுக்கு நெடுந்தொடர்களின் கூட்டுத்தொகையும் சராசரியும் பிழையாக வந்திருக்கும். பிழை எம்முடையது. அவற்றை மீண்டும் கணக்கிடுக' என்று முதல் வரியாகவே எழுதினோம். பிழையான பதிப்பைப் புதிதாய் எடுப்போருக்குக் கிட்டாதபடி விலக்கி வைத்தோம். ஒன்று என்ற எண்ணை இரண்டு கோடி முறை கூட்டிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தோம். பழுதான நிரல் 1,67,77,216-இல் திகைத்து நிற்கும். செம்மையான நிரல் 2,00,00,000 வரை நடந்து செல்லும்.

மாணவிக்கும் எழுதினோம். 'மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் வெப்பமானியும் கண்ணும் கையும் பழுதற்றவை' என்றோம். அம்மடல் அனுப்பிய பின்னரே நமக்கு உறக்கம் வந்தது. அடுத்த வாரம் மறுமொழி வந்தது. அட்டவணையைத் திருத்தி உரிய நாளில் ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருந்தார். 'பழைய கணினியை விற்றுவிடச் சொன்னார்கள், விற்காமல் வைத்திருந்தேன். அதனால்தான் தெரிந்தது' என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். பாட்டனார் ஏன் இருப்பு இடிக்கும்வரை பழைய ஏட்டைப் பரணில் ஏற்ற விடவில்லை என்பது அந்த வரியில் நமக்கு விளங்கிற்று.

இன்று நமது நூலகத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே ஓட்டுகின்றோம். பல ஆண்டுக் கோப்புகளை இரண்டிற்கும் கொடுக்கின்றோம். அந்தப் பெண்ணின் இசைவோடு பெற்ற தொட்டிக் கோப்பும் அவற்றுள் ஒன்று. பழையது ஒரு விடையைச் சொல்ல, புதியது அதனோடு ஒத்துச் சொல்ல, வரிசையாகத் திரையில் இறங்கி வருகின்றன. எங்கேனும் ஓரிலக்கம் இடித்தால், காரணம் தெரியும்வரை எழுவதில்லை. சென்ற முறை அவ்வாறு அமர்ந்திருந்தபோது, பசியோடு வந்து நின்ற நம் பேரன், 'கடைசி இலக்கம்தானே' என்றான். அவனை அருகே அமர்த்திக்கொண்டு, பழைய விடைகளை உரக்கப் படிக்கச் சொன்னோம். நாம் புதியதன்மீது விரலை ஓட்டியவாறே, 'ஆம்', 'ஆம்' என்று சொல்லி வந்தோம்.